மணியோசையும் மனச்சான்றும்: டிஸ்டோபியப் புனைவில் பழக்குதலும் அறச்சிதைவும்

ஒரு சமூகம் தன் மக்களைத் தீமைக்குத் துணைபோக வைப்பதற்கு அவர்களைக் கொடியவர்களாக மாற்ற வேண்டியதில்லை என்பதும், ஒரு செயலுக்கு முன் அவர்களுக்குள் எழும் தயக்கத்தை அகற்றிவிட்டாலே போதும் என்பதும் இருபது, இருபத்தோராம் நூற்றாண்டுகளின் டிஸ்டோபிய நாவல்கள் வெவ்வேறு விதங்களில் காட்டும் உண்மையாகும். இந்நாவல்கள் பெரும்பாலும் கொடுங்கோல் அரசுக்கும் தனிமனிதனுக்கும் இடையே நடக்கும் போராட்டத்தின் கதைகளாகவே படிக்கப்படுகின்றன. அரசு குற்றவாளி, தனிமனிதன் பலியாடு என்ற எளிய பகுப்பு அந்த வாசிப்பில் கிடைத்துவிடுகிறது. ஊன்றிப் படிப்பவருக்கு அப்பகுப்பு நிலைப்பதில்லை. பழக்கப்படுபவர், பழக்குபவர், அப்பழக்கத்தால் பயன்பெறுபவர், அதை எதிர்த்து நிற்பவர் ஆகிய நால்வரிடமும் அறம் சிதைவதை இந்நாவலாசிரியர்கள் காட்டியிருக்கிறார்கள். அச்சிதைவு எங்கே தொடங்குகிறது, எதைக் கொண்டு அதை அளப்பது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சொற்களும் எல்லையும்

தாமஸ் மோர் 1516இல் எழுதிய நூலின் தலைப்பான 'யுடோபியா' என்னும் சொல் குறையற்ற கற்பனைச் சமூகத்தைக் குறிக்கலாயிற்று. அதற்கு மறுதலையாக, வாழத் தகாத கேடுற்ற சமூகத்தைக் குறிப்பது 'டிஸ்டோபியா'. கெட்ட இடம் என்று பொருள்படும் கிரேக்க வேர்களிலிருந்து பிறந்த இச்சொல்லின் ஒரு வடிவத்தை ஜான் ஸ்டூவர்ட் மில் 1868இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில், அயர்லாந்து பற்றிய அரசின் கொள்கையைச் சாடும்போது பயன்படுத்தினார். இலக்கிய வகையொன்றின் பெயராக அது நிலைபெற்றது இருபதாம் நூற்றாண்டில்தான்.

ஒரு தூண்டலுக்கு ஒரு குறிப்பிட்ட துலங்கல் தானாகவே எழும்படி உயிரினத்தை அமைத்துவிடுவதைக் கல்வி உளவியல் பாடநூல்கள் 'ஆக்கநிலையிறுத்தம்' என்று வழங்குகின்றன. எளிமை கருதி இக்கட்டுரை அதைப் 'பழக்குதல்' என்றே குறிக்கிறது. யானையைப் பழக்குவதற்கும், ஒருவரோடு பழகுவதற்கும், தீய பழக்கத்துக்கு ஆளாவதற்கும் தமிழில் வேர்ச்சொல் ஒன்றே என்பது இப்பொருளுக்கு மிகப் பொருந்துகிறது. பழகிப்போன ஒன்று கண்ணை உறுத்துவதில்லை. உறுத்தாத ஒன்றைப் பற்றி மனம் கேள்வி எழுப்புவதுமில்லை. 'அறச்சிதைவு' என்பது இங்கே லஞ்சம், காமம், களவு முதலிய ஒழுக்கக்கேடுகளைக் குறிக்கவில்லை. எது சரி, எது தவறு என்று நின்று எடைபோடும் ஆற்றல் தேய்வதையே அது குறிக்கிறது.

ஆய்வுக்கூடத்திலிருந்து நாவலுக்கு

டிஸ்டோபிய நாவல்கள் பழக்குதலைத் தாமாகக் கற்பனை செய்துகொள்ளவில்லை. அவற்றுக்கு முன்பே ஆய்வுக்கூடங்கள் அதைச் செய்து காட்டியிருந்தன. செரிமானம் பற்றிய ஆய்வுக்காக 1904இல் நோபல் பரிசு பெற்ற ரஷ்ய உடலியலறிஞர் இவான் பாவ்லவ், உணவுக்கு முன் ஓர் ஒலியைத் தொடர்ந்து கேட்கச் செய்தால், பின்னர் உணவே இல்லாமல் அவ்வொலிக்கு மட்டும் நாயின் வாயில் உமிழ்நீர் ஊறுவதைக் காட்டினார். மக்கள் நினைவில் அந்த ஒலி மணியோசையாகவே தங்கிவிட்டது. ஆய்வுக்கூடத்தில் அவர் தாளக்கருவி உள்ளிட்ட பல தூண்டல்களைப் பயன்படுத்தினார். உமிழ்நீர் சுரக்கலாமா என்று நாய் முடிவெடுப்பதில்லை. உடல் முந்திக்கொள்ளும் இந்த இயல்பே பின்னாளில் நாவலாசிரியர்களை அச்சுறுத்தியது.

அமெரிக்காவில் ஜான் வாட்சன், மனம் என்ற ஒன்றைப் பற்றிப் பேசாமலே உளவியலை நடத்தலாம் என்று 1913இல் அறிவித்தார். 1920இல் அவரும் ரோசாலி ரேனரும் வெளியிட்ட ஆய்வில், பதினொரு மாதக் குழந்தை ஒன்று வெள்ளெலியைத் தொடும்போதெல்லாம் அதன் பின்னால் இரும்புக் கம்பி சுத்தியலால் தட்டப்பட்டது. சில முறைகளுக்குள் அக்குழந்தை எலியைக் கண்டாலே அழுதது. முயலையும் ரோம மேலங்கியையும் கண்டுகூட அஞ்சியது. அந்த அச்சம் நீக்கப்படாமலேயே குழந்தை மருத்துவமனையை விட்டுச் சென்றது. வாட்சன் அதே காலத்தில் பல்கலைக்கழகத்தை விட்டு விலகி, ஜே. வால்டர் தாம்சன் என்ற விளம்பர நிறுவனத்தில் சேர்ந்தார். அச்சத்தை உண்டாக்கும் நுட்பமும் விருப்பத்தை உண்டாக்கும் தொழிலும் ஒரே மனிதரிடம் சந்தித்தது நாவலாசிரியர்களுக்கு ஆயத்தமாகக் கிடைத்த பொருள்.

யெவ்கெனி ஸம்யாத்தின் 1920, 1921ஆம் ஆண்டுகளில் எழுதிய 'நாம்' என்ற ரஷ்ய நாவல் இவ்வரிசைக்குத் தோற்றுவாய். கப்பல் கட்டும் பொறியாளரான அவர் முதல் உலகப்போரின்போது இங்கிலாந்தில் பனியுடைப்புக் கப்பல்களின் கட்டுமானத்தை மேற்பார்வையிட்டவர். 1924இல் ஆங்கிலத்தில் வெளிவந்த அந்நாவல் சோவியத் நாட்டில் அச்சேற 1988 வரை காத்திருக்க நேர்ந்தது. பெயருக்குப் பதிலாக எண் தாங்கிய டி-503 என்ற கணிதவியலாளன், ஐ-330 என்ற பெண்ணைக் காதலித்துத் தன் அரசின் மீது ஐயம் கொள்கிறான். இறுதியில் கதிர்வீச்சுச் சிகிச்சையால் அவன் கற்பனைத்திறன் அழிக்கப்படுகிறது. அதன்பின் காற்று உறிஞ்சப்படும் மணிவடிவக் கண்ணாடிக்குள் அவள் வதைக்கப்படுவதை, ஆட்சித் தலைவரின் மேசையிலேயே அமர்ந்து, கலக்கமின்றிப் பார்த்துக் குறித்துக்கொள்கிறான். அவன் அவளை வெறுக்கவில்லை. காதலித்தவளின் வதைக்கும் தனக்கும் தொடர்பு உண்டு என்று உணர்த்தும் உறுப்பு அவனிடம் இப்போது இல்லை, அவ்வளவுதான்.

ஹக்ஸ்லி: இனிப்பின் வழியே

ஆல்டஸ் ஹக்ஸ்லியின் 'பிரேவ் நியூ வேர்ல்ட்' 1932இல் வெளிவந்தது. லண்டன் கருவாக்க நிலையத்தில் குப்பிகளில் வளர்ந்து பிறக்கும் மனிதர்கள் ஆல்ஃபா முதல் எப்சிலான் வரை ஐந்து படிநிலைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறார்கள். பாவ்லவின் பெயர் தாங்கிய அறையொன்றில், எட்டு மாத டெல்டாக் குழந்தைகளுக்கு முன் ரோஜா மலர்களும் வண்ணப் படப் புத்தகங்களும் வைக்கப்படுகின்றன. குழந்தைகள் மகிழ்ந்து தவழ்ந்து வந்து அவற்றைத் தொட்டதும் அபாயச் சங்கு அலறுகிறது. பின்னர் தரையில் மின்சாரம் பாய்கிறது. இதே பாடம் இருநூறு முறை நடத்தப்பட்டபின் அவர்கள் ஆயுள் முழுவதும் பூவையும் புத்தகத்தையும் வெறுப்பார்கள். புத்தகம் படித்தால் உழைப்பு நேரம் வீணாகும், படிநிலையைக் குறித்த ஐயமும் எழலாம் என்பதால் அவ்வெறுப்புக்குக் காரணம் உண்டு. பூவை ஏன் வெறுக்க வேண்டும் என்பதற்கு இயக்குநர் தரும் விளக்கம் பொருளியல் சார்ந்தது: இயற்கையை ரசிக்கப் பணம் தேவையில்லை என்பதால் அதனால் எந்த ஆலைக்கும் வருமானம் இல்லை. எனவே நாட்டுப்புறத்தை வெறுக்கவும், கருவிகள் தேவைப்படும் நாட்டுப்புற விளையாட்டுகளை விரும்பவும் மக்கள் பழக்கப்படுகிறார்கள். விளம்பர நிறுவனத்துக்குச் சென்ற உளவியலறிஞரின் நிழல் இவ்விடத்தில் படிந்திருக்கிறது.

தூக்கத்தில் ஒலிபெருக்கி மூலம் ஓதப்படும் பாடங்கள் அடுத்த கட்டம். தத்தம் படிநிலையே தமக்கு ஏற்றது என்ற பாடம், ஓர் இரவுக்கு 120 முறை, வாரத்துக்கு மூன்று இரவு, முப்பது மாதம் என்ற கணக்கில் குழந்தைகளின் செவியில் விழுகிறது. இவற்றைவிட நுட்பமானது சாவைப் பழக்குதல். பதினெட்டு மாத வயதிலிருந்து ஒவ்வொரு குழந்தையும் வாரத்தில் இரண்டு காலைப் பொழுதுகளைச் சாவோர் மருத்துவமனையில் கழிக்கிறது. மிகச் சிறந்த பொம்மைகள் அங்கேதான் இருக்கும். யாரேனும் இறக்கும் நாளில் சாக்லேட் கிரீமும் கிடைக்கும். லிண்டா என்ற பெண் இறந்து கிடக்க, இச்சமூகத்துக்கு வெளியே அவள் பெற்று வளர்த்த மகன் ஜான் மண்டியிட்டு அழ, காக்கி உடையணிந்த எட்டு வயது இரட்டையரில் ஒருவன் கையில் இருந்த சாக்லேட் எக்ளேரால் சுட்டிக்காட்டி அவள் இறந்துவிட்டாளா என்று கேட்கும் காட்சி நாவலின் மிகக் குளிர்ந்த பகுதி. அச்சிறுவன் கொடியவன் அல்லன். அவன் கேட்பது வெறும் ஆர்வத்தால். துக்கம் இருக்க வேண்டிய இடத்தில் அவனுக்கு இனிப்பு வைக்கப்பட்டிருக்கிறது.

ஆயினும் இந்நாவலில் அறச்சிதைவின் முழு உருவம் அச்சிறுவனிடமோ, மயக்கம் தரும் சோமா மாத்திரையில் மிதக்கும் குடிமக்களிடமோ இல்லை. மேற்கு ஐரோப்பாவின் ஆட்சியாளர் முஸ்தஃபா மோண்டிடம் இருக்கிறது. இளமையில் இயற்பியலாளராக இருந்த அவர், தீவுக்கு நாடுகடத்தப்படுவதா, ஆட்சிக்குழுவில் சேர்வதா என்ற தேர்வு வந்தபோது பதவியைத் தேர்ந்தவர். மக்களுக்கு மறுக்கப்பட்ட விவிலியத்தையும் ஷேக்ஸ்பியரையும் அவர் படித்திருக்கிறார். தடைசெய்யப்பட்ட சமய நூல்கள் அவருடைய இரும்புப் பெட்டியில் இருக்கின்றன. உயிரியல் பற்றிய ஓர் அரிய ஆய்வுக் கட்டுரையை வியந்து படித்து முடித்து, வருந்தி, அதை வெளியிடக் கூடாது என்று ஒப்பமிடுகிறார். மற்றவர்களிடமிருந்து பறிக்கப்பட்ட தயக்கத்தை அவர் தமக்கு மட்டுமான தனியுரிமையாக வைத்திருக்கிறார். அத்தயக்கத்தின்படி நடப்பதை மட்டும் கைவிட்டுவிட்டார். பழக்கப்பட்டவர்கள் அறத்தை அறியாதவர்கள். பழக்கியவரோ அறிந்தே விற்றவர்.

ஆர்வெல்: எதிர்ப்பவரின் சிதைவு

ஈட்டன் பள்ளியில் சிறிது காலம் ஜார்ஜ் ஆர்வெல்லுக்குப் பிரெஞ்சு கற்பித்த ஹக்ஸ்லிக்கு, ஆர்வெல்லின் '1984' 1949இல் சென்று சேர்ந்தது. பாராட்டி எழுதிய ஹக்ஸ்லி, வருங்கால ஆட்சியாளர்கள் தடியையும் சிறையையும்விடக் குழந்தைப் பருவப் பழக்குதலையும் மருந்துவழி மயக்கத்தையும் சிக்கனமான கருவிகளாகக் காண்பார்கள் என்ற தம் கருத்தையும் அக்கடிதத்தில் தெரிவித்தார். இனிப்பா, தடியா என்ற இந்தக் கருத்து வேறுபாடு புகழ்பெற்றது. எனினும் இருவருடைய நாவல்களிலும் சாக்லேட் இடம்பெறுவது கவனிக்கத்தக்கது. ஆர்வெல்லின் லண்டனில் வாரச் சாக்லேட் பங்கீடு 30 கிராமிலிருந்து 20 கிராமாகக் குறைக்கப்படுகிறது. மறுநாளே, அது 20 கிராமாக உயர்த்தப்பட்டதற்கு மக்கள் நன்றி தெரிவித்து ஊர்வலம் போனதாகத் தொலைதிரை அறிவிக்கிறது. ஒரு நாளைய நினைவைக்கூட வைத்துக்கொள்ளாமலிருக்கப் பழகிய பார்சன்ஸ் என்பவன் அதை உடனே நம்புகிறான். பின்னாளில் தூக்கத்தில் அரசை நிந்தித்தான் என்று அவனுடைய ஏழு வயது மகளே காட்டிக்கொடுக்க, சிறைக்குள்ளிருந்தபடி அவளைச் சரியாக வளர்த்ததற்காக அவன் பெருமைப்படுகிறான்.

நாயகன் வின்ஸ்டனின் நினைவிலும் ஒரு சாக்லேட் உண்டு. பஞ்ச காலத்தில் கிடைத்த சிறு துண்டில் முக்கால் பங்கைத் தாய் அவனுக்குத் தந்தபின்பும், நோயுற்ற தங்கையின் கையிலிருந்த கால் பங்கையும் பிடுங்கிக்கொண்டு ஓடியவன் அவன். திரும்பி வந்தபோது இருவரும் இல்லை. தன்னால் எதுவும் செய்ய இயலாத நிலையிலும் தாய் அக்குழந்தையை அணைத்துக்கொண்ட அசைவை அவன் நடுவயதில் நினைவுகூர்கிறான். பயனற்ற அந்த அணைப்பே மனிதத்தன்மை என்று அவன் அறிந்துகொள்ளும் இடம் நாவலின் அறமையம்.

அந்த அறிவைப் பெற்றவனே அடுத்த கட்டத்தில் செய்வது வாசகரை நிலைகுலைய வைப்பது. எதிர்ப்பு இயக்கத்தில் சேர்வதாக நம்பி ஆளுங்கட்சியின் உயர்மட்டத்தவனான ஓபிரையனின் வீட்டுக்குச் செல்லும் வின்ஸ்டனும் அவன் காதலி ஜூலியாவும், கொலை செய்யவும், நூற்றுக்கணக்கான அப்பாவிகள் இறக்கக்கூடிய நாசவேலை செய்யவும், தேவைப்பட்டால் ஒரு குழந்தையின் முகத்தில் கந்தக அமிலம் வீசவும் ஆயத்தம் என்று வரிசையாக ஒப்புக்கொள்கிறார்கள். ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் தடுமாறுகிறது: இருவரும் என்றென்றைக்கும் பிரிய ஆயத்தமா என்ற கேள்விக்கு ஜூலியா உடனே மறுக்க, வின்ஸ்டன் நெடுநேரம் பேச்சின்றி நின்று பின் மறுக்கிறான். பின்னர் கைதாகி, ஓபிரையனே வதைப்பவனாக நிற்கும் வதைக்கூடத்தில், கட்சியைவிடத் தான் அறத்தில் உயர்ந்தவன் என்று அவன் எண்ணும்போது ஓபிரையன் அந்த உரையாடலின் ஒலிப்பதிவை ஓடவிடுகிறான்.

அரசு அவனை முறிப்பதற்கு முன்பே அவனுடைய எதிர்ப்பு அரசின் மொழியைக் கற்றுக்கொண்டிருந்தது என்பதை ஆர்வெல் மறைக்கவில்லை. வதைக்கூடத்தின் 101ஆம் அறையில் உள்ள எலிக்கூண்டு குறிவைக்கும் இடமும் இதனால் விளங்குகிறது. வின்ஸ்டனிடம் எஞ்சியிருந்த ஒரே தயக்கம் ஜூலியாவைப் பற்றியது. அங்கேதான் கடைசி அடி விழுகிறது. தன் முகத்துக்கு நேரே எலிகள் வரும்போது அவற்றை அவளிடம் கொண்டுபோகச் சொல்லி அவன் அலறியதும், ஓபிரையனின் வேலை முடிந்துவிடுகிறது.

பர்ஜஸ்: குமட்டலும் நன்மையும்

மேற்கண்ட நாவல்களில் பழக்குதல் மனிதரைக் கெடுக்கிறது. அந்தோணி பர்ஜஸின் 'எ கிளாக்வொர்க் ஆரஞ்ச்' (1962) மறுமுனையிலிருந்து கேட்கிறது: பழக்குதல் ஒருவனை நல்லவனாக்கினால் என்ன? பதினைந்து வயது அலெக்ஸ் பலியாடு அல்லன். ரஷ்யச் சொற்கள் கலந்த விடலைக் கொச்சையில் தன் வன்முறைகளை மகிழ்ந்து விவரிக்கும் அவன், ஓர் எழுத்தாளரின் வீட்டுக்குள் புகுந்து அவர் கண்முன்னே அவர் மனைவியைச் சிதைத்தவன். ஒரு முதியவளின் சாவுக்குக் காரணமானவன். சிறையில் அவனுக்கு லுடோவிகோ சிகிச்சை தரப்படுகிறது. குமட்டலை உண்டாக்கும் மருந்தை ஊசியில் ஏற்றி, இமைகளை மூடமுடியாமல் கவ்விப் பிடித்து, இரண்டு வாரம் வன்முறைப் படங்களைக் காட்டுகிறார்கள். அதன்பின் அடிக்க நினைத்தாலே அவனுக்கு வயிற்றைப் புரட்டுகிறது.

மேடையில் நடக்கும் செயல்விளக்கத்தில், தன்னை அவமதிப்பவனின் காலணியை அலெக்ஸ் நக்குகிறான், அவையோர் கைதட்டுகிறார்கள். தேர்ந்தெடுக்க இயலாதவன் நல்லவன் ஆவானா என்று சிறைப் பாதிரியார் எழுப்பும் கேள்விக்கு, நோக்கம் குறித்துக் கவலையில்லை, குற்றம் குறைந்தால் போதும் என்பதே கிடைக்கும் விடை. மலாய் மொழியில் 'ஓராங்' என்றால் மனிதன். 1950களில் மலாயாவில் ஆசிரியராக இருந்த பர்ஜஸ் அறிந்தே தேர்ந்த தலைப்பு இது: வெளியே சாறும் மணமும் கொண்ட கனி, உள்ளே முடுக்கிவிடப்பட்ட பொறி.

பாதிரியாரின் கேள்வியே நாவலின் சாரம் என்று பொதுவாகச் சொல்லப்படும். அக்கேள்வியைக் கேட்பவர்களின் நிலையையும் பர்ஜஸ் சோதித்திருக்கிறார் என்பது அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை. பதவி உயர்வை எண்ணிப் பாதிரியார் தொடக்கத்தில் குரலை அடக்கிக்கொள்கிறார். மனிதனை இயந்திரமாக்குவதை எதிர்த்து எழுதும் அந்த எழுத்தாளர், அலெக்ஸைத் தம் கட்சிக்கான சாட்சியாகப் பயன்படுத்துகிறார். இசையும் இப்போது அலெக்ஸுக்கு வாதை என்றறிந்த அவருடைய கூட்டாளிகள், அவனைப் பூட்டிய அறைக்குள் இசையை ஓடவிட்டுத் தற்கொலைக்குத் தள்ளுகிறார்கள். அலெக்ஸின் பழைய கூட்டாளி காவலராகிச் சட்டத்தின் பெயரால் அவனை அடிக்கிறான். இந்நாவலில் அறச்சிதைவிலிருந்து தப்பிய தரப்பு எதுவுமில்லை.

நாவல் 21 அத்தியாயங்கள் கொண்டது. வயது வந்த அலெக்ஸ் வன்முறையில் தானாகவே சலிப்புற்று, தனக்கொரு மகன் பிறப்பதைக் கற்பனை செய்யும் இறுதி அத்தியாயத்தை அமெரிக்கப் பதிப்பாளர் நீக்கிவிட, 1986 வரை அங்கே அது அச்சாகவில்லை. ஸ்டான்லி குப்ரிக்கின் 1971ஆம் ஆண்டுத் திரைப்படமும் அக்குறை வடிவத்தையே பின்பற்றியது. மனிதன் யாரும் திருத்தாமல் தானே திருந்தக்கூடும் என்ற சாத்தியம் அத்தோடு பலர் பார்வையிலிருந்து மறைந்தது.

இதைக் கற்பனை என்று ஒதுக்கிவிட வழியில்லை. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் கைதிகளுக்கான மருத்துவ நிலையம் ஒன்றில், காலையில் எழாமலிருத்தல், தடையை மீறிச் சிகரெட் கொடுத்தல், வசைச்சொல் பேசுதல், பொய் சொல்லுதல் போன்ற மீறல்களுக்காக, வாந்தியை உண்டாக்கும் அபோமார்ஃபின் ஊசி போடப்பட்டது. வாந்தி பதினைந்து நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை நீடித்தது. சிகிச்சை என்று பெயரிட்டதாலேயே அது தண்டனை அல்ல என்றாகிவிடாது என்றும், எந்நேரமும் திரும்பப் பெறத்தக்க எழுத்துமூலச் சம்மதம் இன்றி அதைச் செய்வது அரசியலமைப்பு தடுக்கும் கொடிய தண்டனையாகும் என்றும் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 1973இல் தீர்ப்பளித்தது.

அட்வுட்: கூட்டத்தில் ஒருத்தி

மார்கரெட் அட்வுட்டின் 'தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்' (1985) பழக்குதலுக்கு ஊசியையும் மின்சாரத்தையும் விடச் சக மனிதர்களின் குரல் வலியது என்று காட்டுகிறது. கிலியட் என்ற மதவாத அரசு, கருவுறும் திறனுள்ள பெண்களை உயர்பதவியினரின் வீடுகளில் பிள்ளை பெற்றுத்தரும் பணிப்பெண்களாக அமர்த்துகிறது. அவர்களைப் பயிற்றும் பெண்களுக்கு 'அத்தை', 'சித்தி' போன்ற உறவுப் பொருள் தரும் 'ஆன்ட்' என்பதே பதவிப்பெயர். அடக்குமுறைக்கு உறவின் குரல் வாய்த்துவிடுகிறது.

பயிற்சி நிலையத்தில் ஜனீன் என்பவள், பதினான்கு வயதில் தான் கூட்டு வன்புணர்வுக்கு ஆளானதைச் சொல்கிறாள். தவறு யாருடையது என்று பயிற்றுநர் கேட்க, வட்டமாக அமர்ந்திருக்கும் பெண்கள் அனைவரும் அவளைச் சுட்டி ஒரே குரலில் பழிக்கிறார்கள். அடுத்த வாரம் யாரும் கேட்காமலே, தவறு தன்னுடையது என்று அவள் சொல்லிவிடுகிறாள். ஜனீனின் வீழ்ச்சியைவிட முக்கியமானது கதைசொல்லியின் ஒப்புதல்: அவளுக்கு என்ன நேர்கிறது என்று அறிந்திருந்தும், அழுது வீங்கிய அவள் முகத்தைக் கண்ட அந்தக் கணத்தில் தாங்கள் ஜனீனை மெய்யாகவே இகழ்ந்ததாக அவள் சொல்கிறாள். நடிப்பாகத் தொடங்கிய குரல் சிறிது நேரத்தில் உணர்வாக மாறிவிட்டது. பின்னர், குற்றவாளி என்று காட்டப்படும் ஒருவனைப் பணிப்பெண்கள் கூட்டமாக வெறுங்கையால் கிழித்துக் கொல்லும் சடங்குக்குப்பின், கதைசொல்லிக்குக் கடும் பசி எடுக்கிறது. பாவ்லவின் ஆய்வுக்கூடத்திலிருந்து இந்த மைதானம் வரை பழக்குதலின் வழி நாக்கும் வயிறும்தான். உமிழ்நீர், சாக்லேட், குமட்டல், பசி ஆகிய நான்கிலும் உடல் விடை சொல்லி முடித்த பிறகே மனம் கேள்வியைக் கேட்கிறது.

இஷிகுரோ: தானம் என்னும் சொல்

கஸுவோ இஷிகுரோவின் 'நெவர் லெட் மி கோ' (2005) நாவலில் அதிர்ச்சியும் ஊசியும் இல்லை. வேலிக்கு வெளியே காவலருமில்லை. உடலுறுப்புகளைக் கொடுப்பதற்காகவே நகலாக்க முறையில் உருவாக்கப்பட்ட பிள்ளைகள் ஹெயில்ஷம் என்ற அழகிய உறைவிடப் பள்ளியில் வளர்கிறார்கள். தங்கள் எதிர்காலம் அவர்களிடமிருந்து மறைக்கப்படவில்லை. புரிந்துகொள்ளும் வயதுக்குச் சற்று முன்பாகவே ஒவ்வொன்றும் சொல்லப்பட்டுவிடுவதால், புரியும் வயது வரும்போது அது பழைய செய்தியாகிவிடுகிறது. லூசி என்ற ஆசிரியை, அவர்களுக்குச் சொல்லப்பட்டும் சொல்லப்படாமலும் இருக்கிறது என்று உணர்ந்து வெளிப்படையாகப் பேச முற்படுகிறார். அவர் பள்ளியை விட்டுப் போக நேர்கிறது.

இந்நாவலில் சொற்களே பழக்குகின்றன. உறுப்பு பறிக்கப்படுவதற்குப் பெயர் 'தானம்'. இறப்பதற்குப் பெயர் 'நிறைவு'. தன் முறை வரும்வரை மற்றவர்களைக் கவனித்துக்கொள்பவர் 'பராமரிப்பாளர்'. கொடைக்கு உயர்ந்த இடம் தரும் தமிழ் வாசகர், 'தானம்' என்ற சொல்லைத் தன் மொழியில் எண்ணிப் பார்க்கும்போது அவ்வஞ்சகத்தின் ஆழம் இன்னும் தெளிவாகும். கொடுக்க மறுக்க முடியாதவரிடமிருந்து எடுப்பதற்குக் கொடுத்தவரின் புகழ்ச்சொல் சூட்டப்படுகிறது. கதை சொல்லும் கேத்தி அன்பானவள், பொறுமைசாலி. தன் பராமரிப்பில் உள்ளவர்கள் நான்காம் தானத்துக்கு முன்புகூடப் பெரும்பாலும் கலக்கமுற்றவர்களாகக் குறிக்கப்பட்டதில்லை என்பதில் அவளுக்குப் பெருமை உண்டு. அவளுடைய கருணையே அந்த அமைப்பு ஓசையின்றி ஓடுவதற்கு எண்ணெயாகிறது. சிதைவு பெரிதும் நிகழ்ந்திருப்பது கதைக்கு வெளியே, அந்த உறுப்புகளால் நோய் தீர்ந்து வாழும் பெயரற்ற பெருங்கூட்டத்திடம். தங்களுக்குக் கிடைத்த நலத்தின் விலையைப் பற்றி நினைக்காமலிருக்க அவர்களும் பழகியிருக்கிறார்கள்.

எல்லா வளர்ப்பும் பழக்குதல்தானே?

இவ்வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. தாய் குழந்தைக்குக் கைகூப்பக் கற்றுத்தருவதும், பள்ளி வரிசையில் நிற்கச் சொல்வதும், சமயம் நோன்பு விதிப்பதும் பழக்குதலே என்றால், டிஸ்டோபியாவுக்கு மட்டும் ஏன் பழி? இக்கேள்வியை மிகக் கூர்மையாக எழுப்பியவர் உளவியலறிஞர் பி. எஃப். ஸ்கின்னர். குப்ரிக்கின் படம் வெளிவந்த அதே 1971இல் அவர் வெளியிட்ட நூல், சுதந்திரம், கண்ணியம் என்ற கருத்துகளே மனிதரின் முன்னேற்றத்துக்குத் தடை என்று வாதிட்டது. சூழல் எப்படியும் மனிதரை வடிவமைக்கிறது. அதைத் தற்செயலுக்கு விடுவதைவிடத் திட்டமிட்டு அமைப்பதே பொறுப்பு என்பது அவர் நிலைப்பாடு.

1948இல் அவர் எழுதிய 'வால்டன் டூ' என்ற நாவல் பழக்குதலை இன்பவுலகுக்கு வழியாகக் காட்டுகிறது. அங்கேயும் இனிப்பு உண்டு: மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளிடம் சர்க்கரைத் தூள் பூசிய குச்சிமிட்டாய் தரப்படுகிறது, ஒருமுறை நக்கினாலும் தடம் தெரிந்துவிடும், நக்காமல் வைத்திருந்தால் பின்னர் அதைத் தின்னலாம். சற்று வளர்ந்தவர்கள் பசியோடு வந்து, ஆவி பறக்கும் சூப்புக் கிண்ணத்தின் முன் ஐந்து நிமிடம் நின்றபின்பே உண்ணலாம். இது துன்புறுத்தலன்று, தன்னடக்கம் கற்பிக்கும் பயிற்சி. தமிழ் மரபின் விரதங்களோடு இதை ஒப்பிட்டுப் பார்ப்பவர் இதில் குறைகாண்பது எளிதன்று.

வேறுபாடு இனிப்பிலோ பட்டினியிலோ இல்லை. அதே நாவலில் போகிறபோக்கில் வரும் ஒரு விதியில் இருக்கிறது. வால்டன் டூவின் உறுப்பினர் எவரும் அச்சமூகத்தின் விதியொன்றின் ஆதாரத்தைக் கேட்டு ஆராயலாம், மேலாளர்களிடம் எதிர்வாதம் வைக்கலாம், திட்டமிடுவோரிடம் மேல்முறையீடும் செய்யலாம். ஆனால் மற்ற உறுப்பினர்களோடு அதைப் பற்றி விவாதிக்கக் கூடாது. மோண்டின் இரும்புப் பெட்டியும் இந்த விதியும் ஒரே வேலையைச் செய்கின்றன: ஐயம் மேலே போகலாம், பக்கத்தில் பரவக் கூடாது. பிள்ளைக்குக் கைகூப்பக் கற்பிக்கும் தாயைப் பார்த்து, ஏன் கூப்ப வேண்டும் என்று பிள்ளை ஒருநாள் கேட்க முடியும். அதைத் தன் தோழரோடு பேசிச் சிரிக்கவும் முடியும். பழக்கியவரைக் கேள்வி கேட்கும் வழியைத் திறந்துவைக்கும் பழக்குதல் கல்வி. அவ்வழியை உடலிலோ சொல்லிலோ விதியிலோ அடைத்துவிடும் பழக்குதலே டிஸ்டோபியா.

முடிவாக

ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட நாவல்களில் அறச்சிதைவை அளக்கும் கோல் தயக்கமே என்பது மேலே கண்டவற்றால் பெறப்படும். டி-503இடம் அது அறுத்தெடுக்கப்படுகிறது; மோண்டிடம் இருந்தும் செயலற்றுப் போகிறது; வின்ஸ்டனிடம் ஒரே புள்ளியாகச் சுருங்கிப் பின் அணைகிறது; அலெக்ஸிடம் அதன் இடத்தில் குமட்டல் வைக்கப்படுகிறது; கேத்தியிடம் அது பிறக்கும் முன்பே அழகிய சொற்களால் மூடப்படுகிறது. இவர்களுள் தீமையை விரும்பிச் செய்தவன், சிகிச்சைக்கு முந்தைய அலெக்ஸ் ஒருவன் மட்டுமே என்பதும், தானாகத் திருந்தும் வாய்ப்பு அவனுக்கு மட்டுமே தரப்பட்டிருக்கிறது என்பதும் எண்ணிப்பார்க்க வேண்டியவை. தேர்ந்து தவறியவன் மீளலாம். தேர்வதையே மறந்தவர்களுக்கு மீள்வதற்குப் பாதை இல்லை என்பது இந்நாவல்களின் கடுமையான தீர்ப்பு.

எனினும் பழக்குதல் எவ்வளவு முழுமையாகத் தோன்றினாலும் அது நொய்ம்மையானது என்பதற்கு ஹக்ஸ்லியின் நாவலிலேயே சான்று உண்டு. லிண்டாவின் கட்டிலருகே ஜான் அழுதபோது, சாவோர் மருத்துவமனையின் செவிலிக்கு அவனைப் பற்றியோ இறந்தவளைப் பற்றியோ கவலை எழவில்லை. சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளைப் பற்றியே எழுந்தது. சாவைக் கண்டு ஒருவர் துக்கப்படுவதை அவர்கள் பார்த்துவிட்டால், பதினெட்டு மாத வயதிலிருந்து தரப்பட்ட பயிற்சி முழுவதும் வீணாகிவிடுமே என்று அவள் அஞ்சினாள். அதனால்தான் அவள் அவசரமாகத் திரும்பி, யாருக்குச் சாக்லேட் எக்ளேர் வேண்டும் என்று கேட்டாள்.